தலையில்லா வீட்டின் பொன்னாடை

“அப்பா, நான் பல் விளக்கலாமா?”

காலை ஆறு மணிக்குக் குளியலறை வாசலில் பிரஷ்ஷும் கையுமாக நின்ற மகளைப் பார்த்ததும், இன்றும் தொடங்கிவிட்டது என்று சுகுமாறனுக்குப் புரிந்தது. ஷாமினிக்குப் பதினாறு வயது. நான்காம் படிவம். பிரஷ்ஷில் பற்பசைகூடப் போட்டாயிற்று. அனுமதி ஒன்றுதான் பாக்கி.

“அது உன் பல்லும்மா. உன் விருப்பம்.”

“அது தெரியும்ப்பா. விளக்கலாமா, கூடாதா?”

பதினோரு நாளாக இதே பாடு. சாப்பிடலாமா, எழுந்திருக்கலாமா, தும்மல் வருது தும்மலாமா. முந்தாநாள் பேருந்து நிறுத்தத்திலிருந்து போன் செய்து, “பஸ் வந்துருச்சு, ஏறலாமா?” என்று கேட்டாள். இவர் என்ன சொல்வது என்று விழித்த நேரத்தில் பேருந்து போய்விட்டது. கடைசியில் இவரே வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவந்தார்.

வேறு வீடாக இருந்திருந்தால் இப்படிப்பட்ட மகளுக்குச் சுற்றிப்போட்டிருப்பார்கள். ஆனால் அது தலையில்லா வீடு.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில், நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இரண்டு மாடிவீடுகள். அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்தான் தலையில்லா வீடு. அங்கே தலைவர் கிடையாது, சட்டம் கிடையாது, யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. எதுவானாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவார்கள். குளிர்சாதனம் பழுதுபார்க்கும் சுகுமாறன் எட்டு வருடத்துக்கு முன் தொடங்கி வைத்தது. அதைப் பார்த்து ஈப்போவிலும் பினாங்கிலும் காஜாங்கிலும் இதே மாதிரி வீடுகள் முளைத்திருந்தன.

அதற்கு முன் அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கத்துக்குச் செயலாளர். மொத்த உறுப்பினர் பதினோரு பேர். அதில் ஒருவர் தலைவர், ஏழு பேர் துணைத் தலைவர்கள். ஓர் ஆண்டுக் கூட்டத்தில் முதல் பொன்னாடை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. நாற்காலி பறந்தது. நெற்றியில் நாலு தையலோடும், கைக்கு வந்த பொன்னாடையோடும் வீடு திரும்பிய சுகுமாறன், உலகத்தின் அத்தனை தொல்லைக்கும் இந்தத் துணிதான் காரணம் என்று முடிவு கட்டினார்.

அந்தப் பொன்னாடை இப்போது கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வீட்டு ஆட்களில் எவராவது உத்தரவு போட்டு, அதை இரண்டு பேர் காதால் கேட்டுவிட்டால், போட்டவர் அதைத் தோளில் போர்த்திக்கொள்ள வேண்டும். குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றலாம். வீட்டு ஆட்களில் இன்னொருவர் உத்தரவு போடும்வரை, வெளியே போனாலும் அதோடுதான் போக வேண்டும். ஊரெல்லாம் பெருமைக்குப் போர்த்தும் துணி, அந்த வீட்டில் அவமானத்துக்கு.

முதல் வருடத்தில் அதிகம் போர்த்தியது கேத்தரின் அக்கா. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து நோயாளிகளை அதட்டிய வாய். ஆனால் தவறு தெரிந்ததும் அவரே போய் எடுத்துப் போர்த்திக்கொள்வார். எல்லோருமே அப்படித்தான். போகப்போக எல்லோருடைய பேச்சும் பக்குவப்பட்டுவிட்டது. “கதவு சாத்தியிருந்தா கொசுவுக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும்” என்பார்கள். யாராவது எழுந்து சாத்துவார்கள்.

சுகுமாறனின் மனைவி மாதவி ஒருமுறைகூடப் போர்த்தியதில்லை. அவள் உத்தரவெல்லாம் பார்வையிலேயே முடிந்துவிடும். பார்வைக்குச் சாட்சி கிடையாது.

இந்த வீட்டில் ஒரு பெண் எதை எதிர்த்துக் கிளம்புவாள்?

ஷாமினி முயன்று பார்க்காமல் இல்லை. பாதித் தலையை மழித்துக்கொண்டு வந்தாள். கேத்தரின் அக்கா போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார். அதே வீட்டில் குடியிருந்து, கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டும் மரியநாயகம், எந்தக் கடை என்று ஆவலாக விசாரித்தார். ஒருநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். சுகுமாறன் மகிழ்ந்துபோய், பள்ளிக்கூடம் என்ற அதிகார அமைப்பு எப்படி உண்டானது என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். அவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவிட்டாள். பூனை வளர்க்கக் கேட்டாள். “பேசலாம்” என்றார். பேசினார்கள். ஏழு மாதமாகப் பேசுகிறார்கள்.

பதினோரு நாள் முன்புதான் அவளுக்கு வழி புலப்பட்டது. அந்த வீட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். பணிந்து நடந்தாள்.

பல் விளக்க அனுமதி கேட்ட அதே வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாடு. கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பா, இந்த அப்பளத்தை உடைக்கலாமா?”

சுகுமாறனுக்கு அன்று ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக் கூரைமேல் நாள் முழுக்க வெயில். தலை விண்ணென்று தெறித்தது.

“பேசாம சாப்பிடு.”

எந்த அப்பாவும் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுகிற இரண்டு சொல்தான். ஆனால் கேத்தரின் அக்காவின் கரண்டி பாதியில் நின்றது. மரியநாயகம் தண்ணீர்க் குவளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மாதவி அவரைப் பார்த்த பார்வை ஒரு முழுத் தீர்ப்பாக இருந்தது.

“இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா…” என்று இழுத்தார் சுகுமாறன்.

“அப்பா,” என்றாள் ஷாமினி சாந்தமாக, “போயி எடுத்துப் போட்டுக்குங்க.”

போனார். எடுத்தார். போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. ஷாமினி அதற்குள் பேசாமல் சாப்பிட ஆரம்பித்திருந்தாள், சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக.

மரியநாயகம்தான் மெல்ல நினைவுபடுத்தினார். “அடுத்த ஞாயிறு எல்லாரும் வராங்களே மாறன்.”

சுகுமாறன் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். வருவது இருபத்தைந்து பேர். ஈப்போ வீட்டார், பினாங்கு வீட்டார், காஜாங் வீட்டார். தலைவரில்லாமல் எட்டு வருடம் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று, தொடங்கி வைத்தவர் வாயாலேயே கேட்டுப்போக வருகிறார்கள். அவர்கள் முன்னால் அவர் பொன்னாடையோடு நிற்க வேண்டுமா? அதற்குள் யாராவது ஓர் உத்தரவு போட்டாக வேண்டும். ஒன்பது நாள் இருந்தது. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அது பெரிய காரியமா என்று தேற்றிக்கொண்டார்.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். மரியநாயகம் லோரி நிறுத்துகிற இடத்தில் தன் வேனைக் குறுக்கே போட்டுவிட்டு, சாட்சிக்கு மாதவியையும் கேத்தரின் அக்காவையும் வாசலுக்கு வரவழைத்துக் காத்திருந்தார். லோரி வந்தது. மரியநாயகம் இறங்கி வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இந்த வேன் ரெண்டு அடி தள்ளி நின்னா, என் லோரி ரொம்ப சந்தோஷப்படும் மாறன்.”

அடுத்து ரசம். கேத்தரின் அக்காவின் கண்ணெதிரிலேயே சுகுமாறன் உப்பை அள்ளி அள்ளிப் போட்டார். நிறுத்து என்று ஒரு சொல் வந்தால் போதும். மூன்றாவது கைப்பிடியில் அக்கா பெருமூச்சு விட்டார்.

“இன்னொரு கை போட்டா, இன்னிக்கு எல்லாரும் வெளிய தாப்பாவ் பண்ண வேண்டியிருக்கும்னு ஒரு எண்ணம்.”

சுகுமாறன் நாலாவது கையும் போட்டார். எல்லோரும் கோழிச்சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். உத்தரவு மட்டும் வரவில்லை. எட்டு வருடம் அவரே சொல்லிக்கொடுத்த பேச்சு. அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை வீட்டைவிட்டு வெளியே போனதில் வந்தது அடுத்த வினை. புதிதாகத் திறக்கவிருந்த ஒரு டயர் கடையில் குளிர்சாதனம் மாட்டும் வேலை. கடை வாசலில் தோரணம், நாற்காலி, ரிப்பன். திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் நெரிசலில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் வேனிலிருந்து பொன்னாடையோடு ஒருவர் இறங்கினால் கடைக்காரர் என்ன நினைப்பார்?

“நான் ஏர்கோன் மாட்ட வந்தவன் பாஸ்,” என்றார் சுகுமாறன்.

“பாருங்க, எவ்வளவு அடக்கம்,” என்றார் கடைக்காரர் மனைவியிடம். கையில் கத்தரிக்கோல் வந்தது. கழுத்தில் மாலை விழுந்தது. பிளாஸ்டிக் முத்து கோர்த்த மாலை, வாடக்கூட வாடாது.

யாரோ போனில் எடுத்த படம் அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அன்று இரவு கூடிப் பேசினார்கள். ரிப்பன் வெட்டுவது உத்தரவா? இல்லை. தலைவர் வேலையா? ஆமாம். இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, மாலையும் கூடவே இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்ற கருத்து உருவானது. பசி தாங்காமல் சுகுமாறனும் ஒத்துக்கொண்டார்.

புதன்கிழமை வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. “தலைவர் வீடு இதுதானே?”

மூன்றாவது வரிசை அம்மா ஒருவருக்குக் கால்வாய் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாம். நான் தலைவர் இல்லை என்று சுகுமாறன் விளக்கினார். அந்த அம்மா மாலையைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், அசையவில்லை. தப்பித்தால் போதும் என்று நகராண்மைக் கழகத்துக்கு ஒரு போன் போட்டார். மறுநாள் காலை கால்வாயைச் சுத்தம் செய்ய லோரி வந்து நின்றது. வேறு எவரோ எப்போதோ கொடுத்த புகாராக இருந்திருக்கலாம். ஆனால் அன்று மாலை வாசலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். வீட்டுக்குள்ளேயே அது பரவியதைத்தான் தாங்க முடியவில்லை. சலவை இயந்திரம் முதலில் யாருக்கு என்பதில் கேத்தரின் அக்காவுக்கும் மரியநாயகத்துக்கும் இரண்டு வருட விவாதம். வியாழக்கிழமை இருவரும் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

“நீங்கதான் போட்டுக்கிட்டு இருக்கீங்களே மாறன். நீங்களே ஒண்ண சொல்லிட்டா நல்லது.”

“அக்காவுக்குக் காலையில, அண்ணனுக்குச் சாயங்காலம்,” என்றார் சுகுமாறன் எரிச்சலில்.

அரை நிமிடம். இரண்டு பேரும் நிம்மதியாகக் கலைந்து போனார்கள். சுகுமாறன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஏதோ இதமாக இருந்தது. அதுதான் அவரைக் கதிகலங்க வைத்தது. ஏழு துணைத் தலைவர்களுக்கும் அந்தப் பதவி அன்று இப்படித்தானே இதமாக இருந்திருக்கும்?

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஷாமினி. எந்தப் பதினாறு வயதும் பொறுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு, மாதவியையும் கேத்தரின் அக்காவையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். பள்ளி வாசலில், தோழிகள் வெளியே வருகிற சரியான நேரத்தில், பொன்னாடையும் மாலையுமாக இறங்கி நின்று, மகளின் செல்லப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். கையையும் ஆட்டினார்.

நூறு தலைகள் திரும்பின. ‘போங்கப்பா’ என்று ஒரு சொல். ‘வண்டியில ஏறுங்க’ என்று ஒரு சொல் வந்தால் போதும். சாட்சிகள் தயாராக நின்றார்கள்.

ஷாமினி தோழிகளை அழைத்துக்கொண்டு நேரே வந்தாள். “இவருதான் எங்க அப்பா. அப்பா, நான் வேன்ல ஏறலாமா?”

வரும் வழியில் அவர் குரல் இறங்கிவிட்டது. “உனக்கு என்னதாம்மா வேணும்?”

“ஒரு ‘முடியாது’ வேணும்.” அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எல்லா வீட்டுலயும் அப்பா முடியாதுன்னு சொல்றாங்க, பிள்ளைங்க சண்ட போடுறாங்க, ஜெயிக்கிறாங்க, தோக்குறாங்க. நான் எத வச்சு சண்ட போடுறது? நீங்க ‘பேசலாம்’னு சொன்னா, நான் யார அடிக்கிறது? பஞ்சுமெத்தைய குத்துற மாதிரி இருக்குப்பா.”

கொஞ்ச தூரம் போனதும் அவளே தொடர்ந்தாள்.

“இன்னொண்ணு. யாரும் யார் பேச்சையும் கேக்க வேணாம்னு சொல்ற வீடு. ஆனா எல்லாரும் எவ்வளவு ஒழுங்கா சொன்னபடி கேக்கறீங்க. ஒரு வாரமாச்சு. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல.”

சலவை இயந்திரத்தைத்தான் சொல்கிறாள் என்று சுகுமாறனுக்குக் குத்தியது. கேத்தரின் அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு வந்தேவிட்டது. இருபத்தைந்து பேரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காஜாங்காரர்களை வாடகை வேனில் ஏற்றி வந்த ஓட்டுநர் சின்னையா, இந்தக் கொள்கைக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற முகத்தோடு, சமையலறை வாசலில் ஒரு தட்டு மீகூனோடு அமர்ந்திருந்தார்.

சுகுமாறன் பொன்னாடையும் மாலையுமாக எழுந்தார். கூடம் முணுமுணுத்தது. ஈப்போ வீட்டு வள்ளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஷாமினி தேநீர்த் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். பிறகு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

“அப்பா, நான் உக்காரலாமா?”

இருபத்தைந்து பேரும் மூச்சை நிறுத்தினார்கள். தலைவரில்லா வீட்டில் ஒரு பிள்ளை உட்கார அனுமதி கேட்கிறது.

சுகுமாறன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் கேலி இல்லை. இருபது நாளாக ஏதோ ஒன்றுக்காகக் காத்து நிற்கிற களைப்புதான் இருந்தது. அவருக்குள் ஏதோ உடைந்தது. வந்தவர்கள் என்ன நினைத்தால் என்ன? எட்டு வருடப் பெருமை போனால் போகட்டும்.

“முடியாது,” என்றார் கணீரென்று. “நில்லு.”

ஷாமினியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. தந்தையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடி, கூடத்தின் நட்ட நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எழுந்திரு.”

“மாட்டேன்.”

“நான் சொல்றேன், எழுந்திரு.”

“நீங்க யாரு எனக்குச் சொல்ல?”

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் உதட்டோரம் துடித்தது. அத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நடந்த முதல் ஒழுங்கான சண்டை அது. மாதவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வந்தவர்கள்தான் கொதித்தார்கள். அப்பட்டமான அதிகாரம் என்றார் ஒருவர். பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார் இன்னொருவர். ஏற்கெனவே போர்த்தியிருப்பதைக் கண்டு, இதைவிடப் பெரிய துணி உண்டா என்று பினாங்குக்காரர் விசாரித்தார். தொடங்கி வைத்தவரே இப்படி என்றால் நாங்கள் எதற்கு இந்தக் கொள்கையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டார் வள்ளியம்மா.

சுகுமாறன் பின்வாங்கவில்லை. “ஆமா, உத்தரவு போட்டேன். மறைக்கல. எல்லாத்தையும் சொல்றேன், அப்புறம் நீங்களே பேசுங்க,” என்று ஆரம்பித்தார். பல் விளக்கியதிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பளத்தை உடைக்கலாமா என்று மகள் கேட்டது, பேசாம சாப்பிடு என்று தான் சொன்னது, போயி எடுத்துப் போட்டுக்குங்க என்று அவள் சொன்னதும் எழுந்து போய்ப் போர்த்திக்கொண்டது, ரிப்பன், கால்வாய், சலவை இயந்திரம், பள்ளி வாசல். உத்தரவு போட்டவர்தான் துணியைச் சுமக்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒருநாளும் மீறவில்லை என்று மார்தட்டி முடித்தார்.

கூடம் யோசனையில் ஆழ்ந்தது. ஷாமினி முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை வாசலில் சின்னையா காலித் தட்டைக் கீழே வைத்தார்.

“ஒரு சந்தேகம் பாஸ். ‘போயி எடுத்துப் போட்டுக்குங்க’ன்னு தங்கச்சி சொன்னுச்சே, அது உத்தரவு இல்லையா? அப்ப ஒன்பது நாளா அந்தத் துணி தப்பான தோளுல கெடக்குது லா.”